தாத்தா பார்த்த வேலை... இங்கே ஹாபி!

'ஏ பாப்பா... காசு குடுத்து கரி வண்டியில ஏறப் போறியா? உனக்கு என்னா, கிறுக்கா புடிச்சிருக்கு?'

வீடியோ காலில் தாத்தா கேட்ட முதல் கேள்வியே இதுதான். கேட்டுவிட்டு, பொக்கை வாயால் அப்படி ஒரு சிரிப்பு!

தாத்தாவைப் பற்றி ரெண்டு வரி சொல்லிடறேன். வயசு 86. விழுப்புரம் லோகோ ஷெட்டில் கிளீனராகச் சேர்ந்து, ஃபயர்மேன் ஆகி, டிரைவராக ரிட்டயர் ஆனவர். மீட்டர் கேஜ் லைனில் 'ஒய்.பி.' இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்டே எங்க அப்பாவையும் அத்தைகளையும் படிக்க வெச்சவர். வலது கை முட்டிக்குக் கீழே ஒரு பழைய தீக்காயத் தழும்பு உண்டு. 'இது எப்படி தாத்தா?'னு கேட்டால், 'அது கெடக்குது போ'ம்பார். ரயில் கதைன்னு ஒண்ணுகூட அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. சத்தியமா!

நான் இப்போ பர்மிங்ஹாமில் எம்.எஸ்சி. படிக்கிறேன். வீக் எண்ட் வந்தால் ஹாஸ்டலே காலி. லண்டனுக்கு ஒரு செட், ஸ்காட்லாந்துக்கு ஒரு செட். ஹாரி பாட்டர் படத்தில் வர்ற பாலத்தில் ரயிலில் போகணும்னு ஃப்ரெண்ட்ஸ் பிளான் போட்டாங்க. செலவை எல்லாம் கூட்டிப் பார்த்ததும் எனக்குக் காய்ச்சலே வந்துடுச்சு. 'நீங்க போய்ட்டு வாங்க மக்களே'ன்னு எஸ்கேப்!

அப்பத்தான் லைப்ரரியில் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் கை கொடுத்தார். 'ஸ்டீம் ரயில்தானே? வேல்ஸுக்குப் போ. காலைல கிளம்பினா ராத்திரி திரும்பிடலாம். அதோட, அந்த ரயிலைக் காப்பாத்தணும்னு முடிவு பண்ணின மீட்டிங் நடந்ததே இந்த ஊர்லதான்'னார்.

ரயிலைக் காப்பாத்தறதா? அதுக்கு ஒரு மீட்டிங்கா? மண்டைக்குள்ளே பல்பு எரிய... டிக்கெட் போட்டாச்சு!

பாதி ரயில் அங்கே, பாதி ரயில் இங்கே!

பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட்டிலிருந்து காலையில் கிளம்பும் ரயில் ஷ்ரூஸ்பரி, வெல்ஷ்பூல், நியூடவுன் என்று வேல்ஸுக்குள் நுழைகிறது. ஸ்டேஷன் போர்டு எல்லாமே ரெண்டு மொழியில். ரோட்டிலும் பெரிய எழுத்தில் 'அரஃப்' என்று எழுதி வெச்சிருக்காங்க. ஏதோ ஊர்ப் பெயர்னு நினைச்சேன். வெல்ஷ் மொழியில் 'மெதுவா'ன்னு அர்த்தமாம்!

இந்த ரூட்டில் ஒரு கூத்து உண்டு. மஹன்லெத் என்ற ஸ்டேஷனில் ரயிலை ரெண்டா வெட்டுவாங்க. முன்பாதி ஒரு ஊருக்கு, பின்பாதி வேற ஊருக்கு. நான் பாட்டுக்கு ஹெட்போன் மாட்டிக்கிட்டு தப்பான பாதியில் சொகுசா உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட் பாட்டி 'எங்கேம்மா போறே?'ன்னு கேட்டாங்க. 'டைவின்'னேன். 'அது டைவின் இல்ல, டவ்-இன். அதோட, அந்த ஊருக்கு நீ இருக்கிற பெட்டி போகாது. ஓடு, ஓடு!'ன்னாங்க. பையைத் தூக்கிக்கிட்டு நான் ஓடின ஓட்டத்தை பி.டி. உஷா பார்த்திருந்தால் கை தட்டியிருப்பாங்க.

ஆனா அதுக்கப்புறம் வந்த அரை மணி நேரம் இருக்கே... இடது பக்கம் தவ்வி ஆற்றின் கழிமுகம், அப்புறம் கடல். தண்ணீருக்கும் ரயிலுக்கும் நடுவில் ஆட்டுக்குட்டிகள். தண்டவாளம் தண்ணீரின் விளிம்பிலேயே போகுது. இதுக்கே கொடுத்த காசு செரிச்சுப் போச்சு!

டவ்-இன் கடலோரத்துக் குட்டி ஊர். பெரிய ஸ்டேஷனில் இறங்கி சில நிமிஷம் நடந்தால், குட்டி ரயிலின் ஸ்டேஷன். பெயர் 'டவ்-இன் வார்ஃப்'. ரயில்வேயின் பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்து 'டாலிலின்' என்று வாசித்துப் பெரிய பல்பு வாங்கினேன். வெல்ஷில் இரட்டை 'எல்' என்பது தனி எழுத்து. நாக்கு நுனியை மேலே ஒட்டிவெச்சு, ஓரமா காற்றை விடணுமாம். 'ழ' சொல்லத் தெரிஞ்ச நமக்கே நாக்கு சுளுக்கிக்குது. நாம டாலிலின்னே வெச்சுக்குவோம், மன்னிச்சுக்குங்க வேல்ஸ் மக்களே!

ஒரு பக்கம் மட்டும் கதவு!

முதல் பார்வையில் 'இதுவா ரயில்?'னுதான் தோணுச்சு. தண்டவாளத்தின் அகலம் ரெண்டே கால் அடிதான்! பச்சை பெயின்ட், பித்தளைப் பளபளப்பு, உச்சந்தலையில் ஒரு புகைபோக்கி... யானைக்குட்டி மாதிரி ஒரு இன்ஜின். பின்னாடி மரப் பெட்டிகள். தூரமும் ஜாஸ்தி இல்லை. மலையை நோக்கி ஏழே கால் மைல். வேகம் மணிக்கு 15 மைலுக்குள். நம்ம ஊர் டவுன் பஸ் ஓவர்டேக் பண்ணிட்டுப் போயிடும்.

ஏறலாம்னு போனால், கதவு ஒரு பக்கம்தான் திறக்குது. இன்னொரு பக்கம் நிரந்தரமா லாக். ஏன்னு கேட்டேன். கார்டு யூனிஃபார்மில் இருந்த தாத்தா கண்ணடிச்சார்.

விஷயம் இதுதான். மலை மேல் இருந்த 'ப்ரின் எக்லுயிஸ்' சுரங்கத்திலிருந்து கூரைக்குப் போடும் ஸ்லேட் கல்லை இறக்கத்தான் 1860களில் இந்த லைனைப் போட்டார்கள். பயணிகளையும் ஏற்றலாம்னு முடிவானதும் அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து அளந்து பார்த்திருக்கிறார். லைனுக்குக் குறுக்கே கட்டிய பாலங்களுக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைச்சல். கதவைத் திறந்து ஒருத்தர் இறங்கினால் நசுங்கிடுவார்! பாலத்தை இடிச்சுக் கட்டக் காசு ஏது? தண்டவாளத்தைக் கொஞ்சம் ஒரு பக்கமா நகர்த்தினாங்க. இடுக்கான பக்கத்துக் கதவை எல்லாம் மூடினாங்க. சிம்பிள்! நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல அந்தக் கதவுகள் திறக்கவே இல்லை.

அப்போ வாங்கின ரெண்டு இன்ஜின்கள், 1864-ல் செஞ்ச 'டாலிலின்', 1866-ல் செஞ்ச 'டொல்கோக்'. ரெண்டுமே இன்னும் இதே ரயில்வேயில்தான் இருக்கு. நம்ம காலேஜ் லேப் மெஷினெல்லாம் ரெண்டு வருஷத்தில் படுத்துடுது பாஸ்!

புல் பிடித்துவைத்த தண்டவாளம்

சரி, 'காப்பாத்தின' கதைக்கு வர்றேன்.

இந்தச் சுரங்கத்தையும் ரயிலையும் 1911-ல் வாங்கினவர் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ். உள்ளூர்க்காரர், எம்.பி.யாகவும் இருந்தவர். 1946 கடைசியில் சுரங்கம் சரிந்து மூடப்பட்டது. கல் இல்லைன்னா வருமானமும் இல்லை. ஆனாலும் 'நான் இருக்கிற வரைக்கும் ரயில் ஓடும்'னு மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாத்தினார். ஓடிக்கிட்டிருந்தது ஒரே ஒரு இன்ஜின், அந்த 'டொல்கோக்' கிழவி மட்டும்தான். தண்டவாளம் புல்லுக்குள்ளே புதைஞ்சு கிடந்தது. 'புல்லுதான் தண்டவாளத்தை இடம் மாறாமப் பிடிச்சு வெச்சிருந்துச்சு'ன்னு இன்னிக்கும் அங்கே ஜோக்கடிக்கிறாங்க. 1948-ல் பிரிட்டிஷ் ரயில்வேக்களை அரசுடைமை ஆக்கினப்போ, அந்த லிஸ்டில்கூட இந்த ரயிலின் பெயர் இல்லை!

1950 ஜூலையில் சர் ஹேடன் இறந்துபோனார். அவ்வளவுதான், கதை முடிஞ்சுதுன்னு ஊரே நினைச்சது.

முடியலை. எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளர் விடவில்லை. பர்மிங்ஹாம் பேப்பருக்கு லெட்டர் எழுதினார். 1950 அக்டோபர் 11-ம் தேதி பர்மிங்ஹாமில் இம்பீரியல் ஹோட்டலில் ஒரு கூட்டம் போட்டார். 'இந்த ரயிலை நாமே ஓட்டினா என்ன?' இதுதான் அஜெண்டா. சம்பளம் கிடையாது. லீவு நாளில் வரணும். புல்லு வெட்டணும், கட்டை மாத்தணும், டிக்கெட் கிழிக்கணும். அப்போ எல்லோருக்கும் அது கிறுக்குத்தனமாத்தான் தெரிஞ்சிருக்கும். என் தாத்தா கேட்ட அதே கேள்வியை அவங்க வீட்டிலும் கேட்டிருப்பாங்க!

1951 மே 14-ல் அவங்க ரயில் ஓடியது. முதல் நாள் பாதி தூரம்கூட இல்லை, ரிடரோனன் ஸ்டேஷன் வரைக்கும்தான். ஆனால் தொண்டர்கள் கையில் எடுத்து ஓட்டிக் காப்பாற்றிய உலகத்தின் முதல் ரயில் இதுதான். இன்னிக்கு பிரிட்டனில் தன்னார்வலர்கள் ஓட்டும் பழைய ரயில்கள் ஊருக்கு ஊர் இருக்கு. பிள்ளையார் சுழி போட்டது இங்கே!

தாமஸ் வீட்டுச் சொந்தக்காரன்

சின்ன வயசில் டி.வி.யில் நீல கலர் 'தாமஸ்' ரயில் பார்த்திருப்பீங்களே? அந்தக் கதைகளை எழுதின பாதிரியார் டபிள்யூ. ஆட்ரியும் இங்கே லீவுக்கு வந்து வேலை பார்த்தவர்தான். 1952-ல் கார்டு டியூட்டி. ஒரு நாள் கொடியை ஆட்டி ரயிலைக் கிளப்பிட்டார். பார்த்தால், டீ விக்கிற அம்மாவை ஸ்டேஷனிலேயே விட்டுட்டு வந்திருக்கார்! நாமளா இருந்தா வெளியே மூச்சு விடுவோமா? அவர் அதை அப்படியே கதையாக்கி 1955-ல் புத்தகத்திலும் போட்டுட்டார். இந்த இன்ஜின்களையே பாத்திரங்களாக்கி, வேற பெயர் கொடுத்து எழுதினார். வார்ஃப் ஸ்டேஷன் மியூசியத்தில் அவருடைய படிப்பு அறையை அப்படியே வெச்சிருக்காங்க.

'கூ...!'ன்னு ஒரு விசில். கிளம்பிட்டோம்.

முதலில் வீடுகளின் கொல்லைப்புறம். துணி காயப் போட்டுக்கிட்டிருந்த அக்கா கை ஆட்டினாங்க. அப்புறம் பச்சைப் பள்ளத்தாக்கு. கல்லை அடுக்கிக் கட்டின வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் செம்மறி ஆடுகள். ரயில் ஏற ஏற, ஓக் மரக்காடு ஜன்னலை உரசுற மாதிரி நெருங்கி வருது. டொல்கோக்கில் மூணு வளைவு வெச்ச செங்கல் பாலம். ஐம்பது அடிக்கு மேல உயரம். எட்டிப் பார்த்தால் கீழே ஓடை. அந்தப் பாலத்தைத் தாண்டினதும் ஸ்டேஷன். இன்ஜினுக்குத் தண்ணி பிடிக்க அங்கே ஒரு ஸ்டாப். அங்கேதான் அந்தப் பொண்ணைப் பார்த்தேன்.

கரி பூசின கன்னம்

இன்ஜின் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தாள். நீல ஓவரால். கன்னத்தில் கரி. என் வயசுதான் இருக்கும். காலேஜ் ஸ்டூடண்டாம். லீவு விட்டால் இங்கே வந்துடுவாளாம்.

'டிரைவரா?'ன்னேன்.

'இல்ல, ஃபயர்மேன். முதல்ல கிளீனர், அப்புறம் ஃபயர்மேன், கடைசியிலதான் டிரைவர். படிப்படியாத்தான் வரணும்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட, தாத்தா ஏறின அதே படிக்கட்டு!

'என் தாத்தா இந்தியாவுல ஸ்டீம் ஃபயர்மேனா இருந்தவர்'னு சொன்னதுதான் தாமதம். அவள் முகம் பல்பு போட்ட மாதிரி ஆயிடுச்சு. டிரைவரையும் கூப்பிட்டுச் சொன்னாள். 'நிஜமாவா? சம்பளத்துக்கு வேலை பார்த்த நிஜ ஃபயர்மேனா? எத்தனை வருஷம்? என்ன இன்ஜின்? எவ்வளவு கரி?'

எனக்கு ஒண்ணுக்குமே பதில் தெரியலை ஃப்ரெண்ட்ஸ். இருபத்து மூணு வருஷமா ஒரே வீட்டில் இருந்த மனுஷன். முன்பின் தெரியாத ஒரு பொண்ணு கேட்ட கேள்வியில் ஒண்ணைக்கூட நான் அவர்கிட்டே கேட்டதில்லை. தலை குனிஞ்சு நின்னேன்.

'இப்பவே கேளேன்'னாள். நல்லவேளை, சிக்னல் ரெண்டு கோடு இருந்தது. ஊரில் சாயங்கால டீ நேரம். போட்டேன் வீடியோ கால்.

தாத்தா ஸ்கிரீனில் இன்ஜினைப் பார்த்தார். 'இம்மாத்தூண்டா!'ன்னார். அப்புறம் பேச்சு இல்லை. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டார்.

'கேஜ் கிளாஸைக் காட்டச் சொல்லு.'

அவள் காட்டினாள். பாய்லருக்குள் தண்ணி எவ்வளவு இருக்குன்னு காட்டுற கண்ணாடிக் குழாய் அது.

'ம்... தண்ணி நல்லா இருக்குது. அது கீழ போச்சுன்னா லெட் பிளக் உருகிப்புடும். அப்புறம் சார்ஜ் ஷீட்தான். அந்தப் பயத்துலயே எத்தனை ராத்திரி கண்ணு மூடாம நின்னுருக்கேன் தெரியுமா?'

நான் மொழிபெயர்க்க, அவள் வேகமாத் தலையாட்டினாள். 'எங்களுக்கும் முதல் பாடம் அதுதான்!'

'பொம்பளப் புள்ளையா கரி தள்ளுது?'

'ஆமா தாத்தா.'

'பொகையைக் காட்டு.'

ஃபோனை மேலே தூக்கினேன். புகைபோக்கியில் லேசா வெள்ளை ஆவி மட்டும்.

'வேலை தெரிஞ்ச புள்ள. கரும்பொகை வந்தா எல்லாரும் கை தட்டுவான், போட்டோ எடுப்பான். ஆனா கரும்பொகை வந்தா ஃபயர்மேனுக்குத் தொழில் தெரியலைன்னு அர்த்தம். கரி முழுசா எரியாம வீணாப் போகுது. கொஞ்சம் கொஞ்சமா, பரவலாப் போடணும். சொல்லு அதுகிட்ட.'

சொன்னேன். அந்தப் பொண்ணு கை துடைக்கிற துணியைக் கீழே வெச்சுட்டு, ஸ்கிரீனைப் பார்த்து சல்யூட் அடிச்சாள். 86 வயசுத் தாத்தாவும் திருப்பி அடிச்சார். முழங்கையை மடக்கினப்போ அந்தத் தழும்பு தெரிஞ்சது.

விசில் அடிச்சுட்டாங்க. ஓடிப் போய் ஏறினேன்.

வயித்துப்பாடும் ஆசையும்

கடைசி ஸ்டேஷன் நான்ட் க்வெர்னோல். காட்டு ஓடைப் பள்ளத்துக்குள்ளே இருக்கு. ரோடே கிடையாது. ரயிலில் வரணும், இல்லை நடந்து வரணும். இன்ஜினைக் கழட்டி மறுமுனையில் மாட்டினதும் அதே ரயில் திரும்பிடும். நான் அடுத்த ரயிலுக்கு இருந்துட்டேன். ஓடைச் சத்தத்தைக் கேட்டபடி பெஞ்சில் உட்கார்ந்து யோசிச்சேன்.

இவங்க லீவு போட்டு வந்து ஆசையாச் செய்யற இதே வேலையைத்தான் தாத்தா முதுகு வளைஞ்சு செஞ்சார். சித்திரை மாச வெயிலில், நெருப்புக்கு எதிரே. இவங்களுக்கு வேண்டாம்னா நிறுத்திக்கலாம். அவருக்கு முடியாது. ராத்திரி மறுபடி பேசினப்போ இதையே கேட்டேன். 'கோவமா இருக்கா தாத்தா?'

'கோவம் என்னாத்துக்கு? எங்களுக்கு அது வயித்துப்பாடு. அவங்களுக்கு ஆசை. ரெண்டும் வேற வேற. ஆனா ஒண்ணு பாப்பா... நாங்க கத்துக்கிட்ட தொழிலு எங்களோட போயிடும்னு நெனச்சேன். யாரோ ஒருத்தி எங்கியோ கேஜ் கிளாஸைப் பாத்துக்கிட்டு நிக்கறா. அது போதும்.'

அன்னிக்கு ராத்திரிதான் தழும்பின் கதையும் வந்தது. ஓடுற வண்டியில் ஃபயர் பாக்ஸ் கதவு திறந்திருக்கும்போது இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கியதாம். மறுநாளும் டியூட்டிக்குப் போயிருக்கார். அன்னிக்கு மட்டும் நாற்பது நிமிஷம் பேசினார். நான் ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன்.

டாலிலின் ரயிலுக்கும் கவலை இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் உலகத்துக்கே நிலக்கரி அனுப்பிய வேல்ஸில், ஃபோஸ்-இ-ஃப்ரான் என்ற பெரிய திறந்தவெளிச் சுரங்கம் 2023 இறுதியில் மூடப்பட்டது. பிரிட்டனின் பழைய ரயில்கள் எல்லாம் இப்போ வெளிநாட்டுக் கரியைத் தேட வேண்டிய நிலை. காற்றைக் காப்பாத்தணும்கிறதும் நியாயம்தானே? கரிக்குப் பதிலா மாற்று எரிபொருளை எரிச்சுப் பார்க்கும் சோதனைகளும் பழைய ரயில்களில் நடக்குது. 2021-ல் வேல்ஸின் ஸ்லேட் நிலப்பரப்பை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிச்சப்போ, இந்த ரயில்வேயும் அதில் சேர்ந்தது. பட்டம் கிடைச்சாச்சு. ஆனா பட்டமா கரி அள்ளும்? அதுக்கு அந்தப் பொண்ணு மாதிரி ஆட்கள் வேணும்.

வேல்ஸுக்குப் போக எல்லோராலும் முடியாது. அதனால் என்ன? உங்க தெருவிலேயே ரயில்வேயில், மில்லில், அச்சகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு தாத்தா, பாட்டி இருப்பாங்க. ஒரு டீ வாங்கிக் கொடுத்து, 'கை தழும்பு எப்படி வந்துச்சு?'ன்னு கேளுங்க. 'அது கெடக்குது போ'ம்பாங்க. விடாதீங்க. இன்னொரு தடவை கேளுங்க!

கிளம்பப் போறீங்களா?

* பர்மிங்ஹாமிலிருந்து டவ்-இன் போக சுமார் மூணு மணி நேரம். எந்தப் பெட்டி எந்த ஊருக்குன்னு ஏறும்போதே கேட்டுக்குங்க. என்னை மாதிரி ஓடாதீங்க!

* ஸ்டூடண்ட்ஸ் '16-25 ரயில்கார்டு' வாங்கிக்கிட்டால் பெரிய ரயில் டிக்கெட்டில் மூணில் ஒரு பங்கு மிச்சம்.

* குட்டி ரயில் முக்கியமா வசந்தம் முதல் அக்டோபர் வரைதான் ஓடும். சில நாள் ஓடாது. டைம்டேபிள் பார்க்காமக் கிளம்பாதீங்க. நாள் முழுக்க ஏறி இறங்கும் டிக்கெட் வாங்கினால் டொல்கோக் அருவிக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம்.

* ஆகஸ்டில் இங்கே ஒரு ஓட்டப் பந்தயம் நடக்கும். 1984-லிருந்து நடக்குது. போட்டி யாரோட? ரயிலோட! வயல், சேறு எல்லாம் தாண்டி சுமார் 14 மைல் ஓடி ரயிலை முந்தணும்.

* டீயில் ஊறவெச்ச திராட்சை போட்ட 'பாரா ப்ரித்' கேக் கிடைச்சால் விடாதீங்க. சாப்பிட்டு முடிச்சு 'டியோல்க்'னு சொல்லுங்க. வெல்ஷில் 'நன்றி'!